மகளுக்கு வயது 26, ‘மனவயது’ எட்டாம்!

கேள்வி: மேடம், நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். என் கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகளுக்கு 26 வயது. பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி கொஞ்சம் குறைவு. சிறப்புப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி மையத்துக்குப் போகிறாள். காகிதக் கவர் ஒட்டுவது, பினாயில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது மாதிரியான வேலை. ஷேர் ஆட்டோவில் தனியாகவே போய் வருவாள். போன மாதம் மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கேயே வேலை பழகும் 30 வயதுப் பையனும் இவளும் ஸ்டோர் ரூம் பின்னால் முத்தம் கொடுத்துக்கொண்டு இருந்தார்களாம். அந்தப் பையனும் இவளைப் போலத்தான், பேச்சும் கொஞ்சம் திக்கும். என் மகன் இவளை அடித்துவிட்டு போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். ‘டாக்டரே மனவயது எட்டுன்னு எழுதிக் கொடுத்திருக்கார், போக்சோவில் தூக்கி உள்ளே வைப்பேன்’ என்று அந்தப் பையன் வீட்டில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறான். என் நாத்தனார், ‘கர்ப்பப்பையை எடுத்துடு, மாசாமாசம் அவஸ்தையும் இல்லை, பயமும் இல்லை’ என்கிறார். இன்னொரு பக்கம் மீஞ்சூரில் சொந்தத்திலேயே ஒருவர், 43 வயது, மனைவி இறந்தவர், ‘குறை தெரிஞ்சே கட்டிக்கிறேன்’ என்கிறார். கலெக்டர் ஆபீசில் வாங்கிய கார்டியன் சான்றிதழ் என் பெயரில் இருக்கிறது. இன்றைக்கும் நான்தான் அவளைக் குளிப்பாட்டி விடுகிறேன். தங்கமான பெண், எதற்கும் எதிர்த்துப் பேசமாட்டாள். அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான் என்ன செய்யட்டும் டாக்டரம்மா?

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் ஒன்று, நான் டாக்டர் இல்லை. மறுவாழ்வு உளவியலாளர். ஊசி போடமாட்டேன், பேசுவேன், அவ்வளவுதான்.

மையத்திலிருந்து போன் வந்த அன்றைக்கு நீங்கள் எப்படிப் பதறியிருப்பீர்கள் என்று புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த முத்தம் இல்லை. கடைசியில் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, ‘எதற்கும் எதிர்த்துப் பேசமாட்டாள்’ என்று, அந்த வரிதான்.

ஏன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை என்னிடம் அழைத்து வந்தார்கள். வயது 24. (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பேச்சுக் கொடுப்பதற்காக, ‘டீ வேணுமா, காபி வேணுமா?’ என்று கேட்டேன். ‘காபி’ என்றாள். எனக்கு ஒரு சந்தேகம். கொஞ்ச நேரம் விட்டு, ‘காபி வேணுமா, டீ வேணுமா?’ என்று மாற்றிக் கேட்டேன். ‘டீ’ என்றாள். கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைத் திருப்பிச் சொல்கிறாள். ‘இந்த ரூம் பிடிச்சிருக்கா?’ என்றால், ‘பிடிச்சிருக்கு.’ ‘பிடிக்கலையா?’ என்றால், ‘பிடிக்கல.’ ஒவ்வொரு பதிலைச் சொன்னதும் என் முகத்தைப் பார்த்தாள், சரியாகத்தான் சொன்னோமா என்று. டீ வந்தது. ஏடு கட்டும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அவள் அம்மா சொன்னார், அவள் டீயும் தொடமாட்டாள், காபியும் தொடமாட்டாள், எப்போதும் மோர்தான் என்று.

அந்தப் பெண்ணிடம் ஒருவன் ‘என்கூட வர்றியா?’ என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள், யோசித்துப் பாருங்கள்.

வாராவாரம் வந்தாள். நானும் வாராவாரம் கேட்டேன். ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, தலையை நிமிர்த்தாமல், ‘ஒண்ணும் வேணாம்’ என்றாள். அன்றைக்கு அவள் ஃபைலில் அதை மட்டும்தான் எழுதினேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நாம் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் கீழ்ப்படிதல்தான். உட்கார், எழுந்திரு, கையை நீட்டு, சட்டையைக் கழற்று, மாமாவுக்கு முத்தம் கொடு. சொன்னபடி செய்தால் ‘குட் கேர்ள்’. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெற்றியில் ஸ்டார் ஒட்டி இதைத்தான் வளர்த்தேன், மறைக்கவில்லை. சாப்பாடு, துணி, படுக்கும் நேரம் எதிலுமே ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பழகாதவளுக்கு, ஒரு ஆணிடம் மட்டும் அந்தச் சொல் திடீரென்று எங்கிருந்து வரும்? அவள் சொல்லும் ‘வேணும்’ உண்மையான ‘வேணும்’தானா என்று மற்றவர்களுக்குத்தான் எப்படித் தெரியும்?

இனி அந்த எட்டு வயதுக் கணக்குக்கு வருவோம். அறிவுத்திறன் சோதனை என்றால் படத்தை வரிசையாக அடுக்குவது, எண்களைத் திருப்பிச் சொல்வது, இரண்டு பொருளுக்குள் என்ன ஒற்றுமை என்று சொல்வது மாதிரியான பயிற்சிகள். அதில் உங்கள் மகள் வாங்கிய மதிப்பெண், சராசரியாக எந்த வயதுக் குழந்தை வாங்கும் மதிப்பெண்ணுக்குச் சமம் என்று போடும் ஒப்பீடுதான் ‘மனவயது’. சான்றிதழுக்கும் சலுகைக்கும் அது உதவும். ஆனால் உங்கள் மகள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடியிருந்தால் நின்று, திறந்ததும் கடந்து, தண்டையார்பேட்டை போகிற ஷேர் ஆட்டோவாகப் பார்த்து ஏறி, சில்லறை கொடுத்து இறங்குகிறாள். எட்டு வயதுக் குழந்தையைத் தனியாக அப்படி அனுப்புவீர்களா? அவளுடைய உடம்புக்கு 26 வயது. அப்பா போனதைப் பார்த்தது, அண்ணனுக்குப் பயந்தது, பத்துப் பன்னிரண்டு வருடமாக மாதவிடாயைச் சமாளித்தது எல்லாம் அந்த 26 வருடத்துக்குள் இருக்கிறது. கணக்கில் எட்டு என்றால் ஆசையிலும் எட்டு என்று ஆகிவிடாது.

போக்சோ என்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். உங்கள் மகன் போட்ட போக்சோ மிரட்டல் சட்டப்படி நிற்காது. இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெல்லியில் மூளை முடக்குவாதம் உள்ள 38 வயதுப் பெண் ஒருவருக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தது. அவருடைய மனவயது ஆறிலிருந்து எட்டு என்றார்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு போக்சோவின் கீழ் விசாரிக்க வேண்டும் என்று அவருடைய தாய் கேட்டார். 2017 ஜூலையில் நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் ரோஹிண்டன் நாரிமனும் முடியாது என்றார்கள். போக்சோவில் வயது என்றால் பிறந்த தேதிப்படியான வயதுதான், 18 முடிந்தால் முடிந்தது. அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். மனவயதை ஏற்றுக்கொண்டால் உங்கள் மகள் அறுபது வயதானாலும் சட்டத்தின் கண்ணில் குழந்தை, அவள் கையை யார் பிடித்தாலும் குற்றவாளி. அந்த இளைஞருக்கும் யாராவது ‘மனவயது எட்டு’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்களே, அப்போது யார் யாரைக் கெடுத்ததாக வழக்குப் போடுவது?

(முப்பது வயது ஆளை நீங்கள் ‘பையன்’ என்று எழுதியதை நான் ‘இளைஞர்’ என்று மாற்றிக்கொள்கிறேன். அவருக்கு இந்த மரியாதையாவது கிடைக்கட்டும்.)

அதற்காகச் சட்டம் உங்கள் மகளைக் கைவிட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, சம்மதம் என்றால் ஒரு பெண் சொல்லாலோ சைகையாலோ தன் விருப்பத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிவிப்பது என்கிறது. அவள் கையைத் தட்டிவிடவில்லை, கத்தவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் என்று ஆகாது. நடப்பது என்ன, அதன் பின்விளைவு என்ன என்று புரியாத நிலையில் சொன்ன ‘சரி’யும் செல்லாது. குறைபாடு உள்ள பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் 64-ஆம் பிரிவில் குறைந்தபட்சமே 10 ஆண்டு கடுங்காவல், ஆயுள்வரை போகலாம். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள பெண் எந்தக் காலத்திலும் சம்மதம் தரத் தகுதியற்றவள் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ, மற்றவர்களுக்கு இருக்கும் சட்டத் தகுதி இவர்களுக்கும் உண்டு என்றே சொல்கிறது. ஆக, ‘இவளுக்குப் புரியுமா?’ என்பதை நோய்ப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. இவளிடம்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? ‘அவனைப் பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் அந்த டீ காபிக் கதைதான். நான் அப்படிக் கேட்கமாட்டேன். நீங்கள் வெளியே இருக்க வேண்டும். அவரோடு என்னவெல்லாம் பேசுவாள், டிபன் டப்பாவில் யாருக்கு எது பிடிக்கும், அவர் வராத நாளில் என்ன செய்வாள் என்று சுற்றிச் சுற்றிப் பேசுவேன். அவர் எப்போதாவது கையைப் பிடிக்க வந்து அன்றைக்கு இவளுக்கு மனசில்லாமல் இருந்ததா, அப்போது என்ன செய்தாள் என்று கேட்பேன். அந்த ஒரு பதிலில் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். ‘போடான்னு சொன்னேன், அவன் போய் அந்தப் பக்கம் உக்காந்துட்டான்’ என்று சொன்னால் எனக்கு நிம்மதி. ‘சொல்லாதேன்னு சொல்லியிருக்கான்’, ‘ரீசார்ஜ் பண்ணித் தருவான்’ என்று வந்தால் பேச்சு வேறு திசையில் போகும்.

அப்புறம் படங்களை வைத்து, உடலுறவு என்றால் என்ன, குழந்தை எப்படி உண்டாகிறது, நோய் எப்படி வருகிறது, இது தனி அறையில் நடக்கும் விஷயம், பாதியில்கூட நிறுத்தச் சொல்லலாம் என்பதெல்லாம் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பேன். தெரியவில்லை என்றால் அவள் தகுதியற்றவள் என்று அர்த்தமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம். நம்மில் எத்தனை பேர் தெரிந்துகொண்டு கல்யாண மேடை ஏறினோம்? முத்தத்துக்குச் சரி என்றவள் மற்ற எல்லாவற்றுக்கும் சரி என்றதாகாது. போன வாரச் சம்மதம் இந்த வாரத்துக்குச் செல்லாது. இதையெல்லாம் அவரும் கற்க வேண்டும். அவருடைய அம்மாவும் இப்போது உங்களைப் போலத்தான் தூங்காமல் இருப்பார். முடிந்தால் அவரிடம் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் இவளைப் போலவே அங்கே வேலை பழகுபவர். அவர் இடத்தில் மையத்தின் மாஸ்டரோ, வேன் டிரைவரோ, வார்டனோ இருந்திருந்தால், இவள் நூறு முறை ‘எனக்குப் பிடிச்சிருக்கு’ என்று சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். அவர்கள் கையில் இவளுடைய சாப்பாடும் சம்பளமும் பயமும் இருக்கிறது. 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவு, அதிகாரம் செலுத்தும் நிலையில் இருந்துகொண்டு மாற்றுத்திறனாளிப் பெண்ணைப் பாலியல்ரீதியாகப் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. 2018-ல் அயனாவரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காது கேளாத சிறுமிக்கு நடந்த பாலியல் வன்கொடுமையை வடசென்னையில் யாரும் மறந்திருக்கமாட்டோம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்தக் குடியிருப்பிலேயே வேலை பார்த்தவர்கள், தினமும் பார்த்துப் பழகிய முகங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை வருட அறிக்கைகளைப் புரட்டினால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான். நீங்கள் ஸ்டோர் ரூமைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நான் வீட்டுக்குள் வந்து போகிறவர்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

அதனால்தான் குளியலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஷேர் ஆட்டோ பிடிக்கத் தெரிந்தவளுக்குச் சோப்புப் போடத் தெரியும் அம்மா. முதுகுக்கு எட்டவில்லை என்றால் கேட்கட்டும், தேய்த்துவிடுங்கள். நீங்கள் தாய், உங்கள் கையில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் 26 வயதுவரை தன் உடம்பை இன்னொருவர் தொட்டுக் கழுவுவதே வழக்கம் என்று இருந்தால், தொடக்கூடாத கை எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாளையிலிருந்து கதவைச் சாத்திக்கொள்ளப் பழக்குங்கள். ஹவுசிங் போர்டு வீடாக இருந்து தனி அறை இல்லாவிட்டாலும், அவள் துணி மாற்றும்போது எல்லோரும் வெளியே வாருங்கள், அண்ணன் உட்பட. தட்டாமல் கதவைத் திறக்காதீர்கள்.

அடுத்து, சொற்கள். நம் வீடுகளில் கண், காது, மூக்கு, வாய் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நேராகக் காலுக்குப் போய்விடுவோம். நடுவில் இருப்பதற்குப் பெயரே கிடையாது. ‘அங்க’, ‘கீழ’, ‘ஷேம் ஷேம்’. ஒரு பெண் ‘கீழ தொட்டாரு’ என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்க, வீட்டில் காலைச் சொல்கிறாள் என்று நினைத்துத் தைலம் தடவிய கதை எனக்குத் தெரியும். மார்பு, பிறப்புறுப்பு, ஆசனவாய் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொடுங்கள். உங்கள் வீட்டுப் பேச்சில் வேறு சொல் இருந்தாலும் சரி, வெளியாள் கேட்டால் புரிய வேண்டும். மாற்றுத்திறனாளி வன்கொடுமைக்கு ஆளானால், போலீஸ் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து, சிறப்பாசிரியரையோ மொழிபெயர்ப்பாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீடியோ எடுத்துத்தான் புகாரைப் பதிய வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வீடியோவில் பேசுவதற்கு அவளிடம் சொல் இருக்க வேண்டுமே. (அப்படி ஏதாவது நடந்துவிட்டால், குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள், 181-க்குக் கூப்பிடுங்கள். எந்த மருத்துவமனையும் இலவசமாக முதல் சிகிச்சை தரக் கடமைப்பட்டது, எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது.)

யாரை எவ்வளவு நெருங்கவிடலாம் என்பதற்கு நான் கோலமாவைப் பயன்படுத்துகிறேன். தரையில் வட்டத்துக்குள் வட்டமாக நாலைந்து போட்டு, நடுவில் அவளை நிற்கவைப்பேன். முதல் வட்டத்தில் அம்மா, கட்டிக்கொள்ளலாம். அடுத்ததில் அண்ணன், தோழிகள், கை கொடுக்கலாம். அதற்கு வெளியே மளிகைக்கடைக்காரர், ஷேர் ஆட்டோ அண்ணன், வணக்கமும் பேச்சும் மட்டும். யாரை எந்த வட்டத்தில் வைப்பது என்று அவளே சொல்ல வேண்டும், நாம் திருத்தக் கூடாது. ஒருமுறை ஒரு பெண் தன் சித்தப்பாவைக் கடைசி வட்டத்தையும் தாண்டி வாசற்படியில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் அம்மா சிரித்துக்கொண்டே, ‘ஐயோ, அவர் எவ்வளவு பாசமா இருப்பார் தெரியுமா’ என்று உள்ளே இழுக்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று அந்த அம்மாவுக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

கர்ப்பப்பை விஷயத்தில் உங்கள் நாத்தனாருக்கு நான் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன்: கூடாது. 2016 சட்டத்தின் பத்தாவது பிரிவு, குழந்தை பெற முடியாமல் ஆக்கும் எந்த மருத்துவ முறையையும் மாற்றுத்திறனாளியின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. அவருடைய சம்மதம், உங்களுடையது அல்ல. உங்கள் கையில் இருக்கும் கார்டியன் சான்றிதழ் அவளைப் பராமரிக்கவும் அவள் சொத்தைப் பார்த்துக்கொள்ளவும் கொடுத்தது, அவள் உடம்பை அறுக்கக் கொடுத்த அனுமதிச் சீட்டு இல்லை. 1994-ல் புனேயில் அரசு காப்பகத்திலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு, மாதவிடாய் சுத்தத்தைக் காரணம் காட்டி வரிசையாகக் கர்ப்பப்பையை எடுத்தபோது நாடே கொதித்தது. முப்பது வருடம் கழித்தும் நம் வீடுகளில் அது யோசனையாகவே உலவுகிறது. சரி, எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கெடுக்க நினைப்பவனை அது தடுக்குமா? கர்ப்பம் தங்காது என்று தெரிந்தால் அவனுக்கு இன்னும் துணிச்சல்தான் வரும். நடந்தது உங்களுக்குத் தெரியவராமலே போகவும் வழியாகிவிடும். மாதவிடாய்க்கு நாப்கின் மாற்றப் பழக்குவது, காலண்டரில் சிவப்புப் புள்ளி வைப்பது என்று எளிய வழிகள் இருக்கின்றன, மூன்று நான்கு மாதத்தில் பழகிவிடுவார்கள்.

நாளைக்கு அவளுக்கு உண்மையிலேயே கருத்தடை தேவைப்பட்டால் அதற்கும் அறுவை வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் காப்பர்-டி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது, இரண்டும் இலவசம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் அவளிடம் விளக்கிச் சொல்லி, அவள் கேள்வி கேட்டு, அவள் சரி என்ற பிறகு. ‘சத்து ஊசி’ என்று பொய் சொல்லிப் போட்டுவிட்டு வராதீர்கள்.

இந்த உரிமை ஏதோ புதுசாக முளைத்ததும் அல்ல. 2009-ல் சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, பெற்றோர் இல்லாத ஒரு பெண் வன்கொடுமையால் கர்ப்பமானாள். லேசான முதல் நடுத்தர அளவு குறைபாடு. குழந்தை வேண்டும் என்றாள். உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் கே.ஜி. பாலகிருஷ்ணன், பி. சதாசிவம், பி.எஸ். சௌகான் ஆகியோர் அமர்வு அதை நிறுத்தியது. அவள் வயது வந்தவள், அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. அப்போது 2016 சட்டம் வரவேயில்லை.

இப்போது மீஞ்சூர் மாப்பிள்ளை. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

கூடவே உட்கார்ந்து கவர் ஒட்டியவருக்கு முத்தம் கொடுக்க அவளுக்குப் புத்தி போதாது என்கிறீர்கள். சரி. முன்பின் பழகாத 43 வயதுக்காரரிடம் கழுத்தை நீட்டவும், அன்றிரவே அவரோடு படுக்கவும் மட்டும் புத்தி எப்படிப் போதும்? ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்று இந்தப் பக்கத்தில் எத்தனை பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பிறகு என்னிடம் அழைத்து வந்திருக்கிறார்கள் தெரியுமா? ‘குறை தெரிந்தே கட்டிக்கொள்கிறேன்’ என்பது பெரிய மனசாக இருக்கலாம். வீட்டு வேலைக்கும் ராத்திரிக்கும் எதிர்த்துப் பேசாத ஆள் கிடைக்கிறது என்ற கணக்காகவும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவளிடம் யாராவது கேட்டீர்களா? அந்தக் கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மனநிலை காரணமாகச் செல்லத்தக்க சம்மதம் தர முடியாதவரின் திருமணத்தை நீதிமன்றம் ரத்து செய்ய இந்துத் திருமணச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆக, நாளைக்கு ஒத்துவரவில்லை என்றால் அவரே அந்தக் காரணத்தைக் காட்டி நீதிமன்றம் போய் இவளை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கலாம். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மேலே சொன்னேனே, சம்மதம் பற்றிய அந்த 63-ஆம் பிரிவு, அதிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால், கணவன் அவளிடம் கொள்ளும் உறவு வன்கொடுமை ஆகாது. ஊரார் யார் வன்கொடுமை செய்தாலும் 10 ஆண்டு என்று காவல் நிற்கும் சட்டம், தாலி ஏறியதும் அந்த ஒரு மனிதர் விஷயத்தில் ஒதுங்கிக்கொள்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலுக்குப் பரிகாரம் இருக்கிறது. ஆனால் நடந்ததை அவள் வாய் திறந்து யாரிடமாவது சொன்னால்தானே வெளியே தெரியும். ‘எதிர்த்துப் பேசமாட்டாள்’ என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

அவள் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லேசான குறைபாடு உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு குடும்பமும் கொஞ்சம் தாங்கிப்பிடிக்க, நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மையத்து இளைஞரோடுதான் என்றும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவளுக்கே அவர் அலுத்துப்போகலாம், அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. மீஞ்சூருக்கு மட்டும் இப்போதைக்கு ‘பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறோம்’ என்று தகவல் அனுப்புங்கள். அதைக் கேட்டு அவர் சிரித்தார் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

மையத்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் அடைத்துவைத்தால் அவள் இழப்பது அந்த ஒருவரை மட்டுமில்லை, நாலு தோழிகளையும், ஆட்டோ ஏறும் பழக்கத்தையும், கையில் வரும் கொஞ்சம் காசையும் சேர்த்து. அவர்களிடம் போய், பெண்களுக்கும் ஆண்களுக்கும் உடல் பாதுகாப்பு வகுப்பு நடத்துகிறீர்களா என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் கண்ணெதிரே பக்கத்தில் உட்கார்ந்து பேச இடம் கொடுத்தால் ஸ்டோர் ரூம் பின்னால் போகிற அவசியம் குறையும். ஆளை நீக்குவோம் என்று மிரட்டினால், எழுத்தில் காரணம் கேளுங்கள்.

உங்கள் மகன் போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோபம் பாசத்தால் வந்தது என்று நீங்கள் அவருக்காகப் பேசுவீர்கள், நம்புகிறேன். ஆனால் பிடிக்காத காரியம் செய்தால் ஆண்பிள்ளை அடிப்பான், அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் அன்றைக்கு அவள் கற்றாள். போனில் யார் எண் இருக்கலாம், எத்தனை மணிக்கு மேல் பேசக் கூடாது என்று மூவரும் உட்கார்ந்து பேசி ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. அந்த இளைஞர் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள்.

இந்த வாரம் வேறு எதுவும் செய்ய வேண்டாம். காலையில் இரண்டு நைட்டியை எடுத்துவைத்து எது என்று கேளுங்கள். அவள் மூன்றாவதை எடுத்தால் விட்டுவிடுங்கள். சாப்பாடு போதும் என்றால் ‘இன்னும் ரெண்டு வாய்’ என்று திணிக்காதீர்கள். சொந்தக்காரர் வந்து கட்டிப்பிடிக்கும்போது அவள் நெளிந்தால், ‘அவளுக்கு வேணாமாம்’ என்று நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள். முதல் தடவை உங்களுக்கே வாய் வராது.

பிறகு ஒரு நாள் என்னிடம் அழைத்து வாருங்கள். அரை மணி நேரம் அவளும் நானும் தனியாக, நீங்கள் வெளியே பெஞ்சில். கிளம்பும் முன்பு, எங்கே போகிறோம், எதற்கு என்று சொல்லிவிட்டு, வருகிறாயா என்று அவளிடம் கேளுங்கள். வரமாட்டேன் என்று சொன்னால் இழுத்துக்கொண்டு வர வேண்டாம். நீங்கள் மட்டும் வந்து, அவள் எப்படிச் சொன்னாள் என்று எனக்குச் சொல்லுங்கள்.